1918ஆம் ஆண்டு: ஒரு போரின் முடிவும் ஒரு பொய்யின் பிறப்பும்

பெரும் போர்கள் எவ்வாறு தொடங்கின என்பதை ஆராய்வதில் வரலாறு கற்போர் காட்டும் ஆர்வம், அவை எவ்வாறு முடிந்தன என்பதை ஆராய்வதிற் பெரும்பாலும் காணப்படுவதில்லை. முதலாம் உலகப்போரைப் பற்றி வினவினால், 1914 ஜூன் 28ஆம் திகதி சரஜேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை மாணவர் எவரும் சொல்வர். 1918 நவம்பர் 11ஆம் திகதி காலை பதினொரு மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன என்பதையும் அறிவர். ஆனால் அந்தப் பதினொரு மணிக்கு முந்திய ஆறு வாரங்களில் ஜேர்மனியின் உயர்பீடத்தில் நிகழ்ந்தவற்றை அறிந்தோர் சிலரே. போர்நிறுத்தம் வேண்டுமென முதலிற் கேட்டவர் யார்? அதிற் கையொப்பமிட்டவர் யார்? அதற்காகப் பழி சுமந்தவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறு இராமையே பின்வந்த பெருங் கேடுகளுக்கு ஒரு காரணமாயிற்று. அவ்வாண்டின் நிகழ்ச்சிகளைத் திகதி முறைப்படி நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது புலனாகும்.

ஆண்டின் தொடக்கம்

1918 பிறந்தபோது போர் தன் நான்காவது ஆண்டின் நடுப்பகுதியை அடைந்திருந்தது. மேற்குப் போர்முனையில், சுவிற்சர்லாந்தின் எல்லையிலிருந்து வடகடல் வரை நீண்ட அகழிகளில் இருதிறத்துப் படைகளும் எதிரெதிரே முடங்கிக் கிடந்தன. எனினும் நிலைமை ஜேர்மனிக்குச் சாதகமாக மாறுவது போலத் தோன்றிற்று. ருஷியாவில் 1917 நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய போல்ஷெவிக்குகள் போரிலிருந்து விலகத் தீர்மானித்தனர். 1918 மார்ச் 3ஆம் திகதி பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் என்னும் இடத்தில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையினால் ருஷியா போலந்தையும், பால்டிக் நாடுகளையும், பின்லாந்தையும், உக்ரேனையும் இழந்தது. அதன் குடிசனத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் வாழ்ந்த நிலமும், நிலக்கரிச் சுரங்கங்களுட் பெரும்பாலானவையும் அவ்வாறு கைநழுவின.

இவ்வுடன்படிக்கையின் விளைவுகள் இரண்டு. கிழக்குப் போர்முனையிலிருந்த ஜேர்மன் படைகளிற் பெருந்தொகையானவை மேற்கே செல்ல வழி பிறந்தது என்பது ஒன்று. கிழக்கில் வெற்றி கிட்டிவிட்டது, மேற்கிலும் விரைவிற் கிட்டும் என்ற நம்பிக்கை ஜேர்மன் மக்களின் உள்ளத்தில் வேரூன்றியது என்பது மற்றொன்று. இரண்டாவது விளைவே இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது.

அதே காலத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. 1917 ஏப்ரலிற் போரிற் சேர்ந்த ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி வில்சன், 1918 ஜனவரி 8ஆம் திகதி, சமாதானத்துக்கு அடிப்படையாக அமையவேண்டிய பதினான்கு அம்சங்களை அமெரிக்கக் காங்கிரஸின் முன் வெளியிட்டார். இரகசிய உடன்படிக்கைகளை ஒழித்தல், கடற்போக்குவரத்துச் சுதந்திரம், படைக்கலங்களைக் குறைத்தல், பெல்ஜியத்தை மீட்டளித்தல், அல்சேஸ்-லொரெய்ன் மாகாணங்கள் தொடர்பாகப் பிரான்சுக்கு இழைக்கப்பட்ட தீங்கை நீக்குதல், சுதந்திரப் போலந்தை அமைத்தல், நாடுகளின் பொதுச் சங்கம் ஒன்றை நிறுவுதல் என்பன அவற்றுட் சில. வெற்றி அருகில் நிற்கிறது என நம்பிய ஜேர்மன் தலைவர்கள் அவற்றை அன்று பொருட்படுத்தவில்லை. ஒன்பது மாதங்களின் பின்னர் அதே அம்சங்களை அவர்கள் அடைக்கலமாகத் தேடி ஓடவேண்டியதாயிற்று.

வெளித்தோற்றத்துக்கு வலிமையுடன் நின்ற ஜேர்மனி உள்ளே மெலிந்திருந்தது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையினால் உணவும் உரமும் மூலப்பொருள்களும் வருவது தடைப்பட்டது. 1916-17ஆம் ஆண்டு மாரியில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தமையால், கால்நடைகளுக்கு இடும் ஒருவகைக் கிழங்கை உண்டே மக்கள் உயிர் தாங்கினர். 1918 ஜனவரி இறுதியிற் பேர்லின் நகரில் இலட்சக்கணக்கான தொழிலாளர் உணவும் சமாதானமும் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். அரசாங்கம் அதனை அடக்கியது. நாட்டின் உண்மையான அதிகாரம் 1916 முதலே சேனாதிபதி ஹிண்டன்பேர்க்கிடமும், அவருக்கு அடுத்த நிலையிலிருந்து படைகளை இயக்கிய லூடென்டோர்ப்பிடமும் இருந்தது. பாராளுமன்றம் பேசலாம், முடிவெடுப்போர் இவ்விருவருமே.

வசந்தகாலப் பெருந்தாக்குதல்

அமெரிக்கப் படைகள் பெருந்தொகையாகப் பிரான்சை வந்தடையுமுன் போரை முடித்துவிட வேண்டும் என்பது லூடென்டோர்ப்பின் கணக்கு. 1918 மார்ச் 21ஆம் திகதி அதிகாலை, சென்குவென்டின் பகுதியிற் பிரித்தானியப் படைகள் மீது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஜேர்மன் பீரங்கிகள் முழங்கின. ஐந்து மணி நேரத்துள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. மூடுபனியின் மறைவில் முன்னேறிய தாக்குதற் படைகள் சில நாட்களில் ஏறக்குறைய நாற்பது மைல் தூரத்தைக் கடந்தன. மூன்றரை ஆண்டுகளாகச் சில நூறு யார் நிலத்துக்காக ஆயிரமாயிரம் உயிர்கள் மாண்ட போர்முனையில் இது கேட்டறியாத முன்னேற்றம். மார்ச் 23 முதல் ஏறக்குறைய எழுபத்தைந்து மைலுக்கு அப்பாலிருந்து பாரிஸ் நகர் மீது குண்டெறியும் ஒரு பெரும் பீரங்கியும் இயங்கத் தொடங்கியது. ஜேர்மனியிற் பாடசாலைகளுக்கு வெற்றி விடுமுறை வழங்கப்பட்டது.

இந்த நெருக்கடியில் நேசநாடுகள் நெடுங்காலமாகச் செய்யத் தவறிய ஒன்றைச் செய்தன. மார்ச் 26ஆம் திகதி டூலான் என்னும் ஊரிற் கூடிய பிரித்தானிய, பிரெஞ்சுத் தலைவர்கள், மேற்குப் போர்முனைப் படைகளை இணைத்து நடத்தும் பொறுப்பைப் பிரெஞ்சுத் தளபதி போஷ் என்பவரிடம் ஒப்படைத்தனர். அடுத்த மாதம் அவர் நேசப்படைகளின் பிரதம தளபதியானார்.

ஏப்ரலிற் பிளாண்டர்ஸ் பகுதியிலும், மே இறுதியில் ஏன் நதிப் பகுதியிலும் ஜேர்மன் படைகள் மீண்டும் தாக்கின. ஜூன் தொடக்கத்தில் மார்ன் நதிக்கரையை அடைந்தன. ஆனால் ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு வெறுமையான வெற்றியாகவே முடிந்தது. காலாட்படை விரைந்து சென்ற வேகத்துக்கு உணவும் குண்டுகளும் பின்தொடரவில்லை. குதிரைகளும் மோட்டார் வண்டிகளும் போதவில்லை. நேசப்படைகளின் களஞ்சியங்களைக் கைப்பற்றிய ஜேர்மன் வீரர், தாம் பல மாதங்களாகக் கண்டறியாத உணவையும் மதுவையும் கண்டு, முன்னேறுவதை மறந்து அங்கேயே நின்றுவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. மார்ச் முதல் ஜூலை வரை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜேர்மன் வீரர் இறந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் படையை விட்டு நீங்கினர். அவர்களின் இடத்தை நிரப்ப ஆளில்லை. எதிர்ப்பக்கத்திலோ கோடைகாலத்தில் மாதந்தோறும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர் வந்திறங்கினர்.

அலை திரும்புதல்

ஜூலை 18ஆம் திகதி மார்ன் பகுதியிற் போஷ் எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார். ஓகஸ்ட் 8ஆம் திகதி அமியேன் நகருக்குக் கிழக்கே பிரித்தானியர், ஆஸ்திரேலியர், கனேடியர், பிரெஞ்சுக்காரர் ஆகியோர் நானூறுக்கு மேற்பட்ட யுத்த தாங்கிகளோடு பாய்ந்தனர். அன்று ஒரே நாளிற் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன் வீரர் சிறைப்பட்டனர். ஜேர்மன் சேனைக்கு அதுவே கரிநாள் என லூடென்டோர்ப் பின்னர் குறிப்பிட்டார். இழந்த நிலத்தைக் காட்டிலும் அவரைக் கலக்கியது வீரரின் மனநிலையே. போர்முனைக்குச் சென்ற புதிய படைகளை, பின்வாங்கி வந்தோர், போரை நீட்டிக்கச் செல்கிறீர்களா என இகழ்ந்துரைத்தனர். ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஸ்பா நகரில் நடந்த ஆலோசனையில், தாக்குதலால் இனி எதிரியைப் பணியவைக்க முடியாது என்பதைத் தலைமைப்பீடம் ஒப்புக்கொண்டது. இச்செய்தி மக்களுக்கும் பாராளுமன்றத்துக்கும் எட்டவில்லை. பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டு, வழக்கம்போல நம்பிக்கைச் சொற்களையே அச்சிட்டன.

இக்காலத்திற் படைகளுக்கும் பொதுமக்களுக்கும் பொதுவான மற்றொரு பகைவன் தோன்றினான். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து இராணுவ முகாமொன்றிற் பரவிய விஷசுரம், படைக்கப்பல்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்து உலகெங்கும் சென்றது. போரிடும் நாடுகளிற் பத்திரிகைத் தணிக்கை நோய்ச் செய்தியை மறைத்தது. நடுநிலை வகித்த ஸ்பெயினில் அச்செய்தி தடையின்றி வெளிவந்தமையால், நோய்க்கு அந்நாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் எழுந்த இரண்டாம் அலை முதலாவதிலும் கொடிது. இளமையும் வலிமையும் உடையோரையே அது மிகுதியாகக் கொன்றது. உலகில் இறந்தோர் தொகை இரண்டு கோடி முதல் ஐந்து கோடி வரை எனவும், அதற்கு மேல் எனவும் மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். உண்மையை மறைக்கும் பழக்கம் போர்க்களச் செய்தியோடு நிற்கவில்லை என்பதற்கு இந்நோயின் பெயரே சான்று.

செப்டெம்பர் 29

செப்டெம்பரில் நேசப்படைகள் எல்லாப் போர்முனைகளிலும் ஒருங்கே தாக்கின. பலஸ்தீனத்தில் அலென்பி 19ஆம் திகதி தொடங்கிய தாக்குதலில் துருக்கியப் படை சிதறியது. 23ஆம் திகதி ஹைபா நகரை மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகள் கைப்பற்றின. பால்கன் பகுதியிற் பிரெஞ்சு, சேர்பியப் படைகள் மலைத்தொடரைப் பிளந்து முன்னேற, பல்கேரியா நிலைகுலைந்து, 29ஆம் திகதி சலோனிக்காவிற் போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. அதே நாள் பிரான்சிற் சென்குவென்டின் கால்வாயைக் கடந்து பிரித்தானியப் படை ஹிண்டன்பேர்க் அரண்வரிசையை உடைத்தது.

அதே செப்டெம்பர் 29ஆம் திகதி, ஸ்பா நகரில் ஹிண்டன்பேர்க்கும் லூடென்டோர்ப்பும் கைசர் வில்லியத்தின் முன் தோன்றி, போர்நிறுத்தத்தை உடனே கேட்கவேண்டும் என்றனர். இவ்வாண்டின் வரலாற்றில் மிக முக்கியமான நாள் இதுவே எனலாம். போரைத் தொடர முடியாது என முதலிற் கூறியவர் பாராளுமன்றவாதியுமல்லர், தொழிலாளர் தலைவருமல்லர். படையை நடத்திய தளபதிகளே. அன்று ஜேர்மனியிற் புரட்சி இல்லை. கடற்படையிற் கலகம் இல்லை. கைசர் சிங்காசனத்திலேயே இருந்தார்.

பாராளுமன்றப் பெரும்பான்மைக் கட்சிகளைச் சேர்த்து ஒரு புதிய அரசாங்கத்தை அமைத்து, அதன் வாயிலாக வில்சனை அணுகுவதே தக்கது என வெளிநாட்டு மந்திரி ஹின்ட்ஸ யோசனை கூறினார். லூடென்டோர்ப் அதனை மனமுவந்து ஏற்றார். அவரது நோக்கம் மறைவானதன்று. ஒக்டோபர் 1ஆம் திகதி தம் அலுவலர்களை அழைத்துப் பேசியபோது, நாட்டை இந்நிலைக்குக் கொணர்ந்தவர் எனத் தாம் கருதிய கட்சியினரே இனி ஆட்சியேற்றுச் சமாதானத்தையும் செய்யட்டும் என்ற பொருள்படக் கூறினார். தோற்றவர் ஒருவர், தோல்விக்கு ஒப்பமிடுபவர் வேறொருவர் என்னும் ஏற்பாடு அன்றே உருவாயிற்று.

மறுநாள் தலைமைப்பீடத்தின் சார்பில் ஓர் அதிகாரி பேர்லினிற் கட்சித் தலைவர்களைச் சந்தித்து நிலைமையை விளக்கினார். வெற்றிச் செய்திகளையே நான்கு ஆண்டுகளாகக் கேட்டு வந்தோர் இடியோசை கேட்ட நாகம் போல் நடுங்கினர். ஒக்டோபர் 3ஆம் திகதி பிரதம மந்திரிப் பதவியேற்ற பாடன் இளவரசர் மக்ஸ், சிறிது காலந் தாழ்த்தினால் ஓரளவேனும் நல்ல நிபந்தனைகளைப் பெறலாம் என வாதாடினார். தாமதம் ஆகாது எனத் தளபதிகள் வற்புறுத்தினர். இக்கோரிக்கையை ஹிண்டன்பேர்க் தம் கையொப்பத்துடன் எழுத்திலேயே கொடுத்தார். அன்றிரவே வில்சனுக்கு வேண்டுகோள் அனுப்பப்பட்டது.

ஒக்டோபர்: பேரரசுகளின் வீழ்ச்சி

வில்சன் உடனே இணங்கவில்லை. அம்மாதம் 8, 14, 23ஆம் திகதிகளில் அவர் அனுப்பிய மூன்று பதில்களும் படிப்படியாகக் கடுமை பெற்றன. இடையில், 10ஆம் திகதி, அயர்லாந்துக் கடலில் லெயின்ஸ்டர் என்னும் பிரயாணிகள் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்ததில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தமை அமெரிக்க மக்களின் சினத்தை மூட்டியது. ஜேர்மனியின் இராணுவ எசமானர்களோடும் முடியாட்சிக் கொடுங்கோலரோடும் பேசவேண்டியதாயின், சமாதானப் பேச்சுக்கு இடமில்லை, சரணடைவே உண்டு என்பது மூன்றாம் பதிலின் சாரம்.

இப்பதிலைக் கண்டதும், மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நாளும் பொறுக்கமுடியாது என்ற அதே தளபதிகள், நிபந்தனைகளை நிராகரித்து இறுதிவரை போராட வேண்டும் எனப் படைகளுக்கு ஆணை விடுத்தனர். அரசாங்கத்தை மீறிய இச்செயலின் விளைவாக லூடென்டோர்ப் 26ஆம் திகதி பதவி விலக நேர்ந்தது. சில வாரங்களில் அவர் போலிப் பெயரோடு சுவீடனுக்குச் சென்றார். ஹிண்டன்பேர்க் பதவியில் நீடித்தார். லூடென்டோர்ப்பின் இடத்துக்கு க்ரோனர் வந்தார்.

ஜேர்மனியின் துணைநாடுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஒக்டோபர் 30ஆம் திகதி லெம்னொஸ் தீவின் முட்ரோஸ் துறைமுகத்திற் பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் துருக்கி ஒப்பமிட்டது. ஒக்டோபர் 28ஆம் திகதி பிராக் நகரிற் செக்கோசிலோவாக்கியா சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. அடுத்த நாள் தென் சிலாவியரும் ஒஸ்திரியாவோடு உறவறுத்தனர். விட்டோரியோ வெனெட்டோவில் இத்தாலியரிடம் முறியடிக்கப்பட்ட ஒஸ்திரியப் பேரரசு நவம்பர் 3ஆம் திகதி ஒப்பமிட்டபோது, அப்பேரரசு பெயரளவிலேயே எஞ்சியிருந்தது. பல நூற்றாண்டுகள் மத்திய ஐரோப்பாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் வமிசத்தின் ஆட்சி இரண்டு வாரங்களுள் மறைந்தது.

கீல் முதல் கொம்பியேன் வரை

போர்நிறுத்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, ஜேர்மன் கடற்படைத் தலைமை அரசாங்கத்துக்கு அறிவியாது, பிரித்தானியக் கடற்படையோடு இறுதிப் போர் புரியத் தன் கப்பல்களை ஆயத்தப்படுத்தியது. முடியப்போகும் போரில் அதிகாரிகளின் மானத்துக்காக உயிர்விட மாலுமிகள் மறுத்தனர். ஒக்டோபர் 29ஆம் திகதி வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் எழுந்த மறுப்பு, நவம்பர் 3, 4ஆம் திகதிகளிற் கீல் துறைமுகத்திற் கலகமாயிற்று. நவம்பர் 7ஆம் திகதி மியூனிச்சிற் பவேரிய முடியாட்சி கவிழ்ந்தது. 9ஆம் திகதி பேர்லினிலே கைசர் முடிதுறந்தார் என அறிவிக்கப்பட்டது, குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டது, சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஏபேர்ட் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மறுநாட் கைசர் ஒல்லாந்திற் புகுந்தார்.

திகதிகளின் ஒழுங்கை ஈண்டு மீண்டும் நினைத்தல் தகும். தளபதிகள் போர்நிறுத்தங் கேட்டது செப்டெம்பர் 29. கீல் கலகம் நவம்பர் 3. இடையில் ஐந்து வாரங்கள். தோல்வியே புரட்சிக்கு வழிவிட்டது. புரட்சியால் தோல்வி நேர்ந்தது என்பார் கூற்றைத் திகதிகள் ஏற்கா.

போர்நிறுத்தத் தூதுக்குழுவுக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர் மத்தியஸ் எர்ஸ்பேர்கர் என்னும் பாராளுமன்றவாதி. கத்தோலிக்க மத்திய கட்சியைச் சேர்ந்த அவர் இளமையிற் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். 1917 ஜூலையிற் சமாதானத் தீர்மானம் நிறைவேற முன்னின்றவர். போர்க்களத்திற் பேச்சு நடத்துவது படைத்தலைவரின் கடமையாதலே வழக்கம். குழுவில் ஒரு படையதிகாரியும் ஒரு கடற்படையதிகாரியும் இருந்தனராயினும் தலைமை குடிமகன் ஒருவரிடம் விடப்பட்டது. படையின் பெயர் இதிற் கறைபடாதிருப்பதே தமக்கு உவப்பாயிருந்தது என்பதைக் க்ரோனர் பின்னாளில் மறையாது எழுதினார். எர்ஸ்பேர்கரின் மகன், படைப்பயிற்சியிலிருந்த இளைஞன், சில வாரங்களுக்கு முன்னரே விஷசுரத்தால் இறந்திருந்தான். அத்துயரோடு அவர் நவம்பர் 7ஆம் திகதி இரவு போர்முனையைக் கடந்தார்.

கொம்பியேன் காட்டில் ஒரு புகைவண்டிப் பெட்டியிற் போஷ் அவரைச் சந்தித்தார். நிபந்தனைகளுக்கு இணங்க எழுபத்திரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. பிரான்சையும் பெல்ஜியத்தையும் அல்சேஸ்-லொரெய்னையும் பதினைந்து நாட்களுள் விட்டு நீங்குதல், ரைன் நதியின் இடக்கரையிலிருந்து படைகளை விலக்குதல், 5,000 பீரங்கிகளையும் 25,000 இயந்திரத் துப்பாக்கிகளையும் 5,000 புகைவண்டி எஞ்சின்களையும் ஒப்படைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடல் முற்றுகை நீடிக்கும் என்பதும் ஒரு நிபந்தனை. நவம்பர் 10ஆம் திகதி ஹிண்டன்பேர்க்கிடமிருந்து செய்தி வந்தது: நிபந்தனைகளைத் தளர்த்த முயல்க, இயலாதாயினும் ஒப்பமிடுக. 11ஆம் திகதி காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் எர்ஸ்பேர்கர் ஒப்பமிட்டார். பதினொரு மணிக்கே போர் ஓயவேண்டுமென விதிக்கப்பட்டதால் அந்த இறுதி நாளிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

பொய்யின் வளர்ச்சி

போர் ஓய்ந்தபோது ஜேர்மன் படைகள் பிரான்சு, பெல்ஜிய மண்ணிலேயே நின்றன. பேர்லினை எந்த அந்நியப் படையும் அணுகவில்லை. படைகள் அணிவகுத்துத் திரும்பின. மக்கள் மலர் தூவி வரவேற்றனர். டிசெம்பர் 10ஆம் திகதி அவர்களை வரவேற்ற ஏபேர்ட்டும், எந்தப் பகைவராலும் நீங்கள் வெல்லப்படவில்லை என்ற பொருள்பட உரையாற்றினார். களைத்து வந்த வீரருக்கு ஆறுதலாகவும், குடியரசுக்குப் படையின் ஆதரவு வேண்டியும் சொல்லப்பட்ட சொல் அது. ஆனால் அச்சொல்லே குடியரசின் பகைவருக்கு வாளாயிற்று. படை வெல்லப்படவில்லையெனின் நாடு தோற்றது எவ்வாறு என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கு விடை ஆயத்தமாயிருந்தது.

1919 நவம்பர் 18ஆம் திகதி, தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த பாராளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ஹிண்டன்பேர்க் சாட்சியளித்தார். ஜேர்மன் படை முதுகிற் குத்தப்பட்டது என ஓர் ஆங்கிலத் தளபதி கூறியதாக அவர் சொன்னார். போர்நிறுத்தத்தை எழுத்தில் வற்புறுத்தியவரும், கொம்பியேனில் ஒப்பமிடச் சொன்னவரும் அவரே என்பதை நினைந்தார் சிலர். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. பழி சமூக ஜனநாயகவாதிகள் மீதும், சமாதானம் நாடியோர் மீதும், யூதர் மீதும் சுமத்தப்பட்டது. ஏறக்குறைய ஒரு இலட்சம் யூதர் ஜேர்மன் படையிற் சேவை புரிந்தனர், பன்னீராயிரம் பேர் உயிரிழந்தனர் என்னும் உண்மை அப்பழிக்குமுன் நிற்கவில்லை.

1921 ஓகஸ்ட் 26ஆம் திகதி கருங்காட்டுப் பிரதேசத்தில் உலாவச் சென்ற எர்ஸ்பேர்கர் தீவிரவாத முன்னாட் படையதிகாரிகள் இருவராற் சுட்டுக்கொல்லப்பட்டார். போர்நிறுத்தங் கேட்ட லூடென்டோர்ப் 1923 நவம்பரில் ஹிட்லரோடு சேர்ந்து மியூனிச்சிற் குடியரசைக் கவிழ்க்க முயன்றார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஹிண்டன்பேர்க் 1925இற் குடியரசின் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். 1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்தார். கேட்டவர் உயர்ந்தார்; கேட்டவருக்காக ஒப்பமிட்டவர் மாண்டார்.

இந்தப் பொய் ஒன்றே ஹிட்லரைப் பதவியில் ஏற்றியது எனல் மிகையாகும். 1919 ஜூன் 28ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட வேர்சேய்ல்ஸ் உடன்படிக்கையின் கடுமை, 1923ஆம் ஆண்டின் பணவீக்கம், 1929க்குப் பின்வந்த பொருளாதார மந்தம், கட்சிகளின் ஒற்றுமையின்மை என்பனவும் தத்தம் பங்கைச் செலுத்தின. போர்நிறுத்தத்தின் பின்னரும் பல மாதங்கள் முற்றுகையை நீடித்த நேசநாடுகளும் குற்றத்தினின்று முற்றாக நீங்கியவையல்ல. எனினும் ஏனைய துன்பங்களைத் தாங்கும் ஆற்றல் ஒரு குடியரசுக்கு வேண்டுமாயின், அது நேர்மையாகத் தோன்றியது என்னும் நம்பிக்கை மக்களிடம் இருத்தல் வேண்டும். ஜேர்மன் குடியரசுக்கு அந்நம்பிக்கை பிறப்பிலேயே மறுக்கப்பட்டது. பிறர் பட்ட கடனுக்குக் கையொப்பமிட்டவன் கடன்காரனாக எண்ணப்பட்டதைப் போல, முடியாட்சியின் தோல்வி குடியரசின் கணக்கில் எழுதப்பட்டது.

முடிவுரை

1940 ஜூன் 22ஆம் திகதி, ஹிட்லர் அதே கொம்பியேன் காட்டில் அதே புகைவண்டிப் பெட்டியை நிறுத்தி, அதிற் பிரான்சைப் போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிடச் செய்தார். ஜேர்மனியின் சார்பில் அன்று ஒப்பமிட்டவர் கைற்றல் என்னும் தளபதி. 1918ஆம் ஆண்டின் முடிவு எத்துணை ஆழமாக அவர்கள் மனத்திற் பதிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நேசநாடுகளும் அந்த முடிவை மறக்கவில்லை. 1918 ஒக்டோபர் இறுதியிலேயே, போர்நிறுத்தம் போதாது, நிபந்தனையற்ற சரணடைவே வேண்டும் என அமெரிக்கத் தளபதி பேர்ஷிங் கூறியிருந்தார்; அன்று அவர் சொல் எடுபடவில்லை. 1943 ஜனவரியிற் கசபிளாங்காவில் ரூஸ்வெல்ட் அதே கோரிக்கையை இரண்டாம் உலகப்போரின் குறிக்கோளாக வெளியிட்டார். 1945 மே 7ஆம் திகதி ரைம்ஸ் நகரில் யோடல் என்னும் தளபதியும், மறுநாள் இரவு பேர்லினில் அதே கைற்றலும் சரணடைவுப் பத்திரத்திற் கையொப்பமிட்டனர். இம்முறை எந்த எர்ஸ்பேர்கரும் அனுப்பப்படவில்லை. தோற்ற படையின் தலைவர்களே தம் தோல்விக்குத் தம் கையால் ஒப்பமிட்டனர். முதுகிற் குத்திய கதை மீண்டும் எழ அங்கே இடமிருக்கவில்லை.

தோல்வி ஒரு நாட்டுக்கு நேரும் பெருந்துன்பமே. ஆனால் அதனை உள்ளவாறு அறிந்த மக்கள் அதிலிருந்து மீள்வர் என்பதற்கு 1945இன் பின்னர் எழுந்த ஜேர்மனி சான்று. தோல்வியின் உண்மை மறைக்கப்பட்ட மக்கள், இல்லாத துரோகிகளைத் தேடித் தம்முள்ளேயே பகைவரைக் கண்டனர் என்பதற்கு 1918இன் பின்னர் எழுந்த ஜேர்மனி சான்று. அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி ஸ்பா நகரிற் பேசப்பட்டவை அன்றே ஊரறியச் சொல்லப்பட்டிருப்பின், கருங்காட்டில் எர்ஸ்பேர்கர் வீழ்ந்திரார் எனத் துணிந்து கூறல் இயலாது. அவரைக் கொல்லத் துணிந்தோர் தம்மை நாட்டுப்பற்றாளர் எனக் கூறிக்கொள்ளுதல் மட்டும் எளிதாயிருந்திராது.